கடைசி இடத்தின் கணக்கு: சென்னையில் நான்கு நாள்

முதல் நாள், வெள்ளி: பெரியமேடு

சென்ட்ரல் வாசலில் "ஸ்டேடியமா சார்?" என்று கேட்கும் ஆட்டோ வேண்டாம். வெளியே வந்து வலப்பக்கம் திரும்பி, மூர் மார்க்கெட் வளாகம், விக்டோரியா ஹால், ரிப்பன் மாளிகை என்று வரிசையாகத் தாண்டி, மறுபடி வலப்பக்கம் வளைந்தால் நேரு ஸ்டேடியத்தின் கூரை தெரிந்துவிடும். ஈவெரா பெரியார் சாலையைக் கடக்கவே தேவையில்லை. கால் மணி நேர நடை. மெட்ரோவில் வருகிறவர்கள் சென்ட்ரலில் இறங்கினாலும் இதே வழிதான்.

கால்பந்து ஆட்டம் இரவு 7.30க்கு என்றால் 6.30க்குள் கேட்டில் நிற்பது நல்லது. தண்ணீர் பாட்டில், சில்லறைக் காசு, பவர் பேங்க், லைட்டர் எல்லாம் சோதனையில் கழன்றுகொள்ளும். பைக்கில் வருகிறவர்களுக்கு ஹெல்மெட்தான் தலைவலி. உள்ளே விடமாட்டார்கள், வெளியே வைக்க இடமும் கிடையாது. வண்டியிலேயே பூட்டிவிட்டு வர ஒரு கேபிள் லாக் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடம் முதலில் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். கிரிக்கெட் டெஸ்ட் நடந்த மண். 1956 ஜனவரியில் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இங்கேதான். அந்த உலக சாதனை 52 வருடம் நின்றது. இப்போதிருக்கும் ஸ்டேடியம் 1993இல் வந்தது. 1995 தெற்காசியப் போட்டிக்குப் பிறகு ஓடுதளம் நிரந்தரமாகிவிட்டது. கால்பந்து பார்க்க வருகிறவனுக்கு இந்த ஓடுதளம்தான் எதிரி.

டிக்கெட் எடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 400 மீட்டர் ஓடுதளத்தின் உள்வட்டம் அகலத்தில் 73 மீட்டர், நீளத்தில் சுமார் 157 மீட்டர். கால்பந்துத் திடல் 68க்கு 105. ஆக, பக்கவாட்டில் கோட்டுக்கும் ஓடுதளத்துக்கும் நடுவே இரண்டரை மீட்டர்தான் மிச்சம். கோல் கம்பத்துக்குப் பின்னாலோ 26 மீட்டர். இதோடு எட்டு லேன் ஓடுதளம், லேனுக்கு 1.22 மீட்டர் வீதம் கிட்டத்தட்ட 10 மீட்டர் சேரும். பக்கவாட்டில் முதல் வரிசை 12 மீட்டரைத் தாண்டித்தான் தொடங்கும். கோலுக்குப் பின்னால் 36 மீட்டரைத் தாண்டி. கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் எதிர் முனையில் நடக்கும் ஆஃப்சைடு வெறும் வதந்தி. பக்கவாட்டு ஸ்டாண்டில், பத்தாவது வரிசைக்கு மேலே எடுங்கள். முதல் வரிசை போட்டோவுக்கு அழகு, ஆட்டத்துக்கு உதவாது.

இந்தப் பயணம் ஸ்டேடியம் பார்க்க அல்ல. இந்த ஊர் அணிகள் அடிமட்டத்துக்குப் போய்த் திரும்பிய இடங்களை, திரும்பாத இடத்தையும், வரிசையாகப் போய்ப் பார்ப்பதற்கு. ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கியதிலிருந்து பல வருடம் அதில் தரமிறக்கமே, அதாவது கடைசியில் வரும் அணியைக் கீழ் லீக்குக்கு இறக்குவதே, கிடையாது. அதற்கான ரெலகேஷன் என்ற சொல்லை, ஐஎஸ்எல்லில் ஆடும் சென்னை அணியான சென்னையின் எஃப்சியின் ரசிகன் இங்கிலீஷ் லீக் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான். ஆனால் புள்ளிப்பட்டியலின் கடைசி வரி எப்படியிருக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம்.

2015. பத்து ஆட்டம் முடிந்தபோது சென்னையின் எஃப்சி கையில் 10 புள்ளி: மூன்று வெற்றி, ஒரு டிரா, ஆறு தோல்வி. அடியில் கிடந்தது அணி. மீதி நான்கு ஆட்டம். நான்கையும் ஜெயித்தது. 22 புள்ளியோடு மூன்றாம் இடம். அப்போது டிசம்பர் முதல் வாரம், ஊரே தண்ணீரில். விமான நிலையம் மூடிக்கிடந்தது. அரையிறுதியின் "சொந்த மைதான" ஆட்டத்தை 12ஆம் தேதி புனேயில் ஆடினார்கள், கொல்கத்தாவை 3-0. இந்த ஸ்டேடியத்தின் புகழ்பெற்ற வெற்றிகளில் ஒன்று இந்த ஸ்டேடியத்தில் நடக்கவில்லை. கொல்கத்தாவில் 1-2 என்று தோற்றும் கணக்கு தாங்கியது. 20ஆம் தேதி கோவாவின் ஃபட்டோர்டாவில் இறுதி. 87வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னால் போனது. 90இல் கோவா கீப்பரின் சொந்த கோல், 90க்கு மேல் சேர்த்த நிமிடங்களில் சென்னையின் எஃப்சியின் மென்டோசா. 3-2.

அந்த ஐந்து நிமிடத்தை ரிப்பீட்டில் பார்ப்பவர்கள் கவனிக்கவேண்டியது மென்டோசாவின் கோலை அல்ல, அதற்கு முந்திய சொந்த கோலை. சமன் ஆகாமல் வெற்றி வராது. கொண்டாட்டத்தில் எல்லோரும் மறப்பது அதைத்தான்.

இரண்டாம் நாள், சனி: கோடவுன் தெரு

ஞாயிறு கடை அடைப்பு, ஆகவே ஸ்டாண்டில் கட்டும் பேனரின் துணிக்குச் சனிக்கிழமை. பாரிமுனையில் இறங்கி கோடவுன் தெரு. காலை 10.30க்கு முன்னால் போய்ப் பிரயோஜனமில்லை, பிற்பகலில் தள்ளுவண்டிக்கும் தலைச்சுமைக்கும் நடுவே நுழையவே முடியாது.

இருபது அடிக்கு ஆறு அடி பேனர் என்று வைத்துக்கொள்வோம். காடாத்துணி 36 அங்குல அகலத்தில் வரும். இரண்டு நீளம் சேர்த்துத் தைத்தால் ஆறு அடி. இரண்டு இருபது அடி என்றால் 12.2 மீட்டர், ஓர மடிப்புக்கும் சுருக்கத்துக்கும் சேர்த்து 13.5 மீட்டர் வாங்கவேண்டும். காடாவை நனைத்துக் காயவைத்துவிட்டுத்தான் வெட்டவேண்டும். இல்லையென்றால் முதல் மழையில் சுருங்கி எழுத்து கோணிக்கொள்ளும். தையல் போட்ட பிறகு உயரத்தில் இரண்டு அங்குலம் குறையும், அதைக் கணக்கில் வைத்தே எழுத்தின் அளவைக் குறியுங்கள். மேலும் கீழும் இரண்டு அங்குல மடிப்பு, அதற்குள் நைலான் கயிறு, இரண்டடிக்கு ஒரு பித்தளைக் கண்ணி. கண்ணியைத் துணியில் நேரடியாக அடித்தால் காற்றில் கிழியும். உள்ளே ஒரு துண்டு ரெக்சின் வைத்து அடிக்கவேண்டும்.

பெயின்ட்டில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். எனாமல் பளபளப்பாக இருக்கிறது என்று அடிப்பார்கள். காய்ந்ததும் மடிப்பில் வெடிக்கும், மே மாத வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டும், தீயும் எளிதில் பிடிக்கும். தண்ணீரில் கரையும் எமல்ஷன்தான் சரி. கெட்டியாக ஒரே கோட் அடிக்காமல், நீர்க்க இரண்டு கோட்.

தமிழ் எழுத்துக்கு ஒரு தனிப் பிரச்சினை: புள்ளி. எதிர் ஸ்டாண்ட் நூறு மீட்டருக்கு மேல். எழுத்தின் கோடு நான்கு அங்குலத் தடிமனுக்குக் குறையக்கூடாது, புள்ளியின் விட்டம் ஆறு அங்குலமாவது வேண்டும். கோட்டின் அளவுக்கே புள்ளி வைத்தால் டிவியில் "வந்தோம்" என்பது "வநதோம" ஆகிவிடும். கொம்பும் சுழியும் மேலும் கீழும் போவதால் ஆறடித் துணியில் எழுத்துடல் மூன்றரை அடிதான் தேறும். "ணை", "லை" மாதிரி எழுத்துகள் அகலத்தை விழுங்கும். பத்து எழுத்துக்கு மேல் போகும் வாசகத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்தது மேளம். சென்னை ஸ்டாண்டுக்குப் பறைதான் பொருத்தம் என்று யாருக்கும் தோன்றும். சத்தமும் அப்படித்தான். ஆனால் தோல் ஈரத்தில் தொய்யும். நவம்பர் முதல் ஜனவரி வரை ராத்திரியில் கடலோரக் காற்றின் ஈரம் அரைமணியில் தோலைத் தளர்த்திவிடும். வெளியில் என்றால் கொஞ்சம் காகிதத்தைக் கொளுத்திக் காய்ச்சிக்கொள்ளலாம், ஸ்டேடியத்துக்குள் தீ கிடையாது. ஆகவே பாலியஸ்டர் தகடு போட்ட பேண்ட் செட் டிரம்தான் நடைமுறை. பறையைக் கொண்டுபோனால் கேட்டுக்கு வெளியே கடைசியாக ஒரு தடவை காய்ச்சி, இடைவேளை வரைதான் தாங்கும் என்று தெரிந்தே கொண்டுபோக வேண்டும்.

ஓடுதளம் இங்கேயும் வேலையைக் காட்டும். ஒரு முனையின் ஸ்டாண்டுக்கும் மறுமுனைக்கும் ஏறக்குறைய 180 மீட்டர். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும். அரை நொடித் தாமதம். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் கைதட்டினால் அரை நொடிக்கு ஒரு அடி. அந்த முனையில் அடிக்கிற முதல் அடி இந்த முனைக்கு இரண்டாம் அடியாக வந்து சேரும். இரண்டு மேளம் இரண்டு முனையில் வைத்தால் பாட்டு குழம்புவது இதனால்தான், மேளக்காரரின் தப்பு இல்லை. ஒரே ஒரு மேளம் தலைமை. மற்றவர்கள் காதை நம்பாமல் அவர் கையைப் பார்த்து அடிக்கவேண்டும்.

துணி காய்கிற நேரத்தில் 2018-19ஐப் பேசிவிடலாம். முந்திய மார்ச்சில், 2018 மார்ச் 17 அன்று, பெங்களூருவில் பெங்களூருவையே 3-2 என்று வீழ்த்தி இரண்டாவது கோப்பை. மைல்சன் ஆல்வெஸ் இரண்டு தலைமுட்டுக் கோல். அடுத்த சீசனில் அதே அணி 18 ஆட்டத்தில் இரண்டு வெற்றி, மூன்று டிரா, 13 தோல்வி. ஒன்பது புள்ளி. பத்து அணியில் பத்தாவது. நடுக்களத்தைப் பிடித்துவைத்திருந்த தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தில் சீசன் முழுக்க வெளியே. தடுப்பாட்டத்தைக் கட்டிப்போட்டிருந்த கேப்டன் செரேனோ போய்விட்டார். முந்திய சீசனில் 9 கோல் அடித்த ஜெஜே இதில் ஒன்று. முதுகெலும்பில் மூன்று கண்ணி கழன்றால் மிச்சம் எத்தனை நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தும் நிற்காது. அந்த இரண்டு வெற்றியில் ஒன்று, அந்த சீசனின் சாம்பியனான பெங்களூருவை 2-1 என்று வீழ்த்தியது என்பதை இன்னும் பேசுகிறார்கள். ஆறுதல்தான், வேறென்ன.

வேறு நாட்டு லீக் என்றால் ஒன்பது புள்ளிக்கு நேரே கீழ் டிவிஷன். இங்கே ஒன்றும் ஆகவில்லை. அடுத்த சீசனும் அதே லீக், அதே ஸ்டேடியம். முதல் ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றி. பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகினார், டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல். 29 புள்ளியோடு நான்காம் இடம். 2020 பிப்ரவரி 29, அரையிறுதி, இதே நேரு ஸ்டேடியத்தில் கோவாவை 4-1. அங்கே போய் 2-4. மொத்தக் கணக்கில் 6-5. மார்ச் 14 இறுதியாட்டம் கொரோனாவால் ஆளில்லாத ஃபட்டோர்டாவில், கொல்கத்தா அணியான ஏடிகேயிடம் 1-3. கடைசி இடத்திலிருந்து இறுதி வரை ஏறிய அணியை அன்று ஸ்டாண்டிலிருந்து கைதட்டி அனுப்ப ஒருவர்கூட இல்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு: வியாசர்பாடி

மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து அரக்கோணம் பக்கம் போகும் ஸ்லோ லோக்கலில் பேசின் பிரிட்ஜ், அடுத்தது வியாசர்பாடி ஜீவா. ஃபாஸ்ட் வண்டியில் ஏறிவிட்டால் பெரம்பூர் போய்த் திரும்பவேண்டும். காலை 6.30க்குள் போய்ச் சேருங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் யாரும் ஆடமாட்டார்கள்.

கால்பந்துக்காக இந்தப் பகுதியை "லிட்டில் பிரேசில்" என்று பத்திரிகைகள் எழுதி எழுதிப் பழகிவிட்டார்கள். தன்பால் கணேஷ் இந்தப் பகுதிக்காரர். நந்தகுமார் சேகரும் இந்த ஊர்தான். ஆடிய அணிகள்: சென்னை சிட்டி, ஒடிசா, பிறகு ஈஸ்ட் பெங்கால். 2023 ஆகஸ்ட் 12, டியூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் வலப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி அடித்த ஒரே கோலில் நான்கரை வருடத்துக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் அந்த டெர்பியை, கொல்கத்தாவின் இரண்டு அணிகளுக்கு நடுவேயான மோதலை, ஜெயித்தது. பிரேசில் பெயரை எடுத்துவிட்டாலும் ஊருக்கு ஒன்றும் குறையாது.

திடலில் புல் இல்லை. மண், நடுவே சரளை. இந்த மண்ணில் தோல் மாதிரி மினுங்கும் தையல் பந்து இரண்டு மாதத்தில் உரிந்துவிடும். முரட்டு ரப்பர் மேல்தோல் போட்ட பந்துதான் இங்கே ஓடும். ஐந்தாம் நம்பர் பந்து என்றால் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம், காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 அட்மாஸ்பியர் வரை. கெட்டி மண்ணில் மேல் வரம்புக்கு அடித்தால் பந்து முழங்காலுக்கு மேலேயே துள்ளிக்கொண்டிருக்கும். கீழ் வரம்பை ஒட்டி வைத்தால்தான் காலில் நிற்கும். காற்றடிக்கும் ஊசியைக் காய்ந்தபடி குத்தினால் வால்வு உள்ளே போய்விடும். இரண்டு சொட்டு கிளிசரின், அது இல்லையென்றால் எச்சில். "அண்ணே, ஊசி இருக்கா?" என்பதுதான் இந்தத் திடலில் காலையில் அதிகம் கேட்கிற வாக்கியம்.

பயிற்சியில் ஒன்றைக் கவனியுங்கள். சின்னப் பையன்கள் பந்தை உள்ளங்காலால் இழுத்துத் திருப்புவார்கள். மேடுபள்ளத்தில் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று தெரியாது, ஆகவே கால் எப்போதும் பந்தின் மேலேயே இருக்கும். இதே பையன் புல்தரைக்குப் போனால் முதல் மாதம் அரை நொடி தாமதமாகத்தான் பாஸ் கொடுப்பான். தேர்வுக்கு வருகிறவர்கள் சிலர் அதைப் பார்த்துவிட்டு "வேகம் போதாது" என்று கழித்துவிடுகிறார்கள். தரையின் குற்றம் பையன் தலையில்.

சென்னை சிட்டியின் கதையை இங்கே வைத்துப் பேசுவதுதான் நியாயம். இந்தப் பகுதிப் பையன்களுக்குத் தேசிய லீக்கின் கதவு அந்த அணிதான். ஐஎஸ்எல்லுக்கு இணையாகத் தனியே நடந்த தேசிய லீக்கான ஐ-லீக்கில் 2016-17இல் நுழைந்து நேரு ஸ்டேடியத்தில் ஆடியது. அடுத்த வருடம் கோவைக்குப் போனது. 2017-18இல் 19 புள்ளியோடு எட்டாம் இடம். அதற்குக் கீழே சர்ச்சில் பிரதர்ஸ் 17, இந்தியன் ஏரோஸ் 15. ஏரோஸ் இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் இளையோர் அணி, அதற்குத் தரமிறக்கம் பொருந்தாது. ஆக, ரெலகேஷன் கோட்டுக்கும் சென்னை சிட்டிக்கும் நடுவே இரண்டு புள்ளி. அடுத்த சீசனில் அக்பர் நவாஸ் பயிற்சியில், பெத்ரோ மான்ஸியின் 21 கோலோடு, 20 ஆட்டத்தில் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42. கடைசி நாள், 2019 மார்ச் 9, கோவையில் எதிரணி மினர்வா முதலில் கோல் போட்டது. சென்னை சிட்டி 3-1 என்று முடித்தது. ஐ-லீக்கை ஜெயித்த முதல் தமிழ்நாட்டு அணி.

இப்போது இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள். அதே 2018-19இல் ஒரு லீக்கின் அடியில் சென்னையின் எஃப்சி, 9 புள்ளி. இன்னொரு லீக்கின் உச்சியில் சென்னை சிட்டி, 43 புள்ளி. ஒரு அணி கீழே இறங்கவில்லை, ஒரு அணி மேலே ஏறவும் இல்லை. இரண்டு லீக்கும் இரண்டு தீவு. ஐ-லீக் சாம்பியனுக்கு ஐஎஸ்எல் கதவு திறந்தது 2022-23இல். பஞ்சாப் ஏறியது, அதற்கடுத்த வருடம் முகமதன். சென்னை சிட்டிக்கு ஏறத் தகுதியிருந்தபோது ஏணி இல்லை. ஏணி வந்தபோது சென்னை சிட்டி இல்லை. 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயரையே காணோம்.

சாம்பியனாகப் போய் ஆடிய ஆசிய ஆட்டமும் தமிழ்நாட்டில் இல்லை. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றது அகமதாபாதில். 2019இல் சென்னையின் எஃப்சி ஆசிய கிளப்புகளுக்கான ஏஎஃப்சி கோப்பையின் "சொந்த" ஆட்டங்களை ஆடியதும் அகமதாபாதில்தான். அந்த நகரத்துக்காரர்கள் சென்னை அணிகளுக்கு என்ன பாட்டுப் பாடினார்களோ.

வெயில் ஏறியதும் அத்தோ கடை. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய பகுதி இது. நூடுல்ஸில் கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், நொறுக்கிய தட்டை, பூண்டு எண்ணெய், கையால்தான் பிசைவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். ஆடிவிட்டு வந்த வயிற்றுக்கு முதலில் சூப், பிறகு அத்தோ.

நான்காம் நாள், திங்கள்: பட்டியல் பலகை

கடைசி நாளுக்கு வேலை குறைவு. ரெலகேஷன் என்ற சொல்லுக்கு நிஜமான அர்த்தம் இந்த ஊரில் ஓரிடத்தில் உண்டு: சென்னை கால்பந்து சங்கத்தின் லீக். சீனியர் டிவிஷன், அதன் கீழே படிப்படியாக மற்ற டிவிஷன்கள். ஐசிஎஃப், இந்தியன் வங்கி, வருமான வரித்துறை மாதிரி அலுவலக அணிகளும், ஹிந்துஸ்தான் ஈகிள்ஸ் மாதிரி கிளப்புகளும் ஆடிவந்த லீக். ஆட்டம் பிற்பகலில் நடக்கும். டிக்கெட் வாங்க வேண்டியதில்லை, போய் உட்கார்ந்தால் போதும். வருகிறவர்களில் பாதிப் பேர் ஆட்டக்காரர்களின் அண்ணன் தம்பிகள், மீதி ஓய்வுபெற்ற அலுவலக ஆட்டக்காரர்கள்.

இங்கே கடைசி இடம் என்றால் என்ன ஆகும் என்று யாரிடமும் விளக்கவேண்டியதில்லை. அலுவலக அணிக்கு அது கூடுதல் ஆபத்து. கீழ் டிவிஷனுக்கு இறங்கிய அணிக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பதை நிர்வாகம் நிறுத்தினால், புது ஆள் வராது. புது ஆள் வராவிட்டால் முப்பத்தைந்து வயதுக்காரர்களை வைத்து மேலே ஏறமுடியாது. திரும்பி வர மூன்று பேர் போதும்: ஒரு கீப்பர், ஒரு நடு டிஃபெண்டர், கோல் அடிக்க ஒருவர். கீழ் டிவிஷனில் அந்த மூன்று இடம் சரியாக இருந்தால் மற்ற எட்டுப் பேர் சமாளிப்பார்கள். பெரிய லீக்கின் 2018-19 சரிவையும் 2019-20 ஏற்றத்தையும் இதே மூன்று இடத்தை வைத்துப் பார்த்தால் கணக்கு பெரிதாக மாறாது.

புறப்படும் முன் சனிக்கிழமைத் துணியைச் சுருட்டவேண்டும். மடிக்காதீர்கள். மூன்று அங்குல பிவிசி குழாயில், எழுத்து வெளிப்பக்கம் வரும்படி சுருட்டவேண்டும். உள்பக்கம் வந்தால் பெயின்ட் அமுங்கி விரிசல் விடும். ஈரம் துளி இருந்தாலும் கறுப்புப் பூசணம் பிடிக்கும், ஆகவே ஒரு நாள் முழுக்க நிழலில் உலரட்டும். இரண்டு ரசகற்பூரம் போட்டு, குழாயின் முனையில் அளவையும் வாசகத்தையும் மார்க்கரில் எழுதிவையுங்கள்.

வாசகத்தோடு வருடங்களும் போடுவதாக இருந்தால் 2015, 2018 எல்லோரும் எழுதுவார்கள். 2019ஐயும் எழுதுங்கள், அதே அளவு எழுத்தில். வலப்பக்கம் மூன்றடி காலியாக விடுங்கள்.